பசளைக் காசு, உத்தரவாத விலை, அரிசி வரி: திருகோணமலை வயல்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்று என்று மாவட்டம் முழுவதும் மாசி, பங்குனியில் அறுவடை மெசின் இறங்கும்போது இந்தக் கேள்விகளும் கூடவே இறங்கும். கமம் செய்பவர், நெல் வாங்கி விற்பவர், பொருளியல் படிக்கும் உயர்தர மாணவர் ஆகிய மூவரையும் மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மானியத் தொகையும் வரியும் போகத்துக்குப் போகம் மாறுபவை. ஆகவே ஒவ்வொரு தொகைக்கும் அது நடைமுறைக்கு வந்த காலத்தையும் சேர்த்திருக்கிறோம். தொகை மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறாது.

மானியம் என்றால் பசளைக் காசு மட்டும்தானா?

இல்லை. பசளைக் காசு கண்ணுக்குத் தெரிகிற மானியம். தெரியாதவைதான் அதிகம். கந்தளாய்க் குளத்து நீருக்கோ அல்லைத் திட்டத்து வாய்க்கால் நீருக்கோ யாரும் விலை கட்டுவதில்லை. குளம், வாய்க்கால் பராமரிப்புக்கென்று 1984 இல் ஒரு கட்டணம் கொண்டுவந்து பார்த்தார்கள். சில வருடங்களிலேயே அறவீடு படுத்துவிட்டது. அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை, அரசு அறிவிக்கும் உத்தரவாத விலைக்கு நெல் வாங்குவதும், பயிர்க் காப்புறுதிக்கான கட்டணத்தை அரசு ஏற்பதும், அறுவடைக் காலத்தில் ஆலைக்காரருக்கு வங்கிகள் ஊடாகச் சலுகை வட்டியில் கடன் கிடைப்பதும் மானியங்களே.

இன்னொன்றைப் பலர் மானியமாக எண்ணுவதே இல்லை. அது இறக்குமதி அரிசி மீதான வரி. அந்த மானியத்தைத் திறைசேரி கொடுப்பதில்லை, கடையில் அரிசி வாங்குபவர் கொடுக்கிறார்.

ஹெக்டேயருக்கு 25,000 ரூபா என்பது உண்மையில் எவ்வளவு பெறுமதி?

2024/25 பெரும்போகத்தில் 15,000 ரூபாவாக இருந்த பசளை மானியம் 25,000 ரூபாவாக உயர்ந்தது. ஒருவருக்கு இரண்டு ஹெக்டேயர் வரைதான். ஏக்கருக்குப் பிரித்தால் ஏறக்குறைய 10,100 ரூபா வரும்.

உலர் வலயத்தில் நீர்ப்பாசனத்தோடு செய்யும் மூன்று, மூன்றரை மாத நெல்லுக்கு விவசாயத் திணைக்களம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அளவு ஹெக்டேயருக்கு யூரியா 225 கிலோ, ரி.எஸ்.பி. (பொசுபரசுப் பசளை) 55 கிலோ, எம்.ஓ.பி. (பொட்டாசியப் பசளை) 60 கிலோ. ஏக்கருக்கு யூரியா 91, ரி.எஸ்.பி. 22, எம்.ஓ.பி. 24 கிலோ அளவில் வரும். உங்கள் ஊர்க் கடை விலையால் பெருக்கிப் பாருங்கள், மானியம் எத்தனை பங்கைத் தாங்குகிறது என்று தெரிந்துவிடும்.

இதைவிட முக்கியமான கணக்கு வேறொன்று இருக்கிறது. ஏக்கருக்கு 1,800 கிலோ விளைகிறது என்று வையுங்கள். மானியம் ஒரு கிலோ நெல்லுக்கு ஐந்தரை ரூபாதான். அறுவடை வாரத்தில் விலை கிலோவுக்கு 20 ரூபா விழுந்தால் ஏக்கருக்கு 36,000 ரூபா போய்விடும். மூன்றரைப் போகத்து மானியம் ஒரே கிழமையில் கரைகிறது. மானியத் தொகையைக் கூட்டச் சொல்லிக் கேட்கிற சத்தத்தில் பாதியாவது கொள்வனவு எந்தத் திகதியில் தொடங்கும் என்று கேட்பதற்குச் செலவானால் நல்லது.

அந்தக் காசை எடுக்க என்ன வேண்டும்? ஏன் சிலருக்கு வருவதில்லை?

வயல் உங்கள் பிரிவுக் கமநல சேவை நிலையத்தின் காணிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஏக்கர் வரி கட்டியிருக்க வேண்டும். கமக்காரர் அமைப்பு ஊடாக விண்ணப்பம் போகும். ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளர் வயலைப் பார்த்து, விதைத்திருப்பதை உறுதிப்படுத்துவார். அதன்பின் காசு வங்கிக் கணக்குக்கு வரும்.

தடுக்குகிற இடங்கள் பெரும்பாலும் சில்லறையானவை. பதிவேட்டில் காணி இன்னும் இறந்துபோன தகப்பனின் பெயரில் இருக்கும். அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டும் வங்கிப் புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கும். பழைய இலக்கம் ஓரிடத்திலும் புதிய 12 இலக்கம் இன்னோரிடத்திலும் இருக்கும். பயன்படுத்தாத கணக்கை வங்கி முடக்கியிருக்கும். இவற்றைப் புரட்டாதியிலேயே பார்த்துவிட வேண்டும், விதைத்த பிறகு வரிசையில் நின்று பயனில்லை. உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாத காணிகளும், வன எல்லைத் தகராறில் உள்ள வயல்களும் பதிவேட்டுக்குள் வராததால் மானியத்துக்கும் வருவதில்லை. அதை நிலையத்தில் வாதாடித் தீர்க்க முடியாது, பிரதேச செயலகத்தில்தான் தொடங்க வேண்டும்.

காசு பிந்தி வந்தால் என்ன? எப்படியும் வருகிறதுதானே?

பிந்தி வருவதுதான் விலையையே கெடுக்கிறது. அடிக்கட்டுப் பசளை விதைக்கும்போது வேண்டும். முதல் யூரியா இரண்டாம் வாரம், பிறகு நான்காம் வாரம், ஆறாம் வாரம் என்று போகும். பயிர் திறைசேரிக்காகக் காத்திருக்காது. காசு வராவிட்டால் கடையில் கடனுக்கு எடுக்க வேண்டும். பல இடங்களில் கடன் கொடுப்பவரே நெல் வாங்குபவர், அல்லது அவருடைய ஆள். மெசின் வயலை விட்டு வெளியே வருமுன் அவருடைய லொறி வரம்பில் நிற்கும். அந்த நெல்லைக் காயப்போட்டு ஒரு மாதம் வைத்திருக்கும் உரிமை கமக்காரருக்கு இல்லை. மானியம் பிறகு வந்து சேர்ந்தாலும், பிந்திய அந்த ஆறு வாரத்தின் விலையை அவர் ஏற்கெனவே கட்டிவிட்டார்.

அடுத்தவரின் காணியைக் குத்தகைக்குச் செய்கிறேன். மானியம் யாருக்கு?

பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. ஏக்கர் கணக்கில் கொடுக்கிற எந்த மானியமும் மெல்ல மெல்லக் காணிக்காரர் பக்கம் சாய்வது உலகம் முழுக்கக் கண்ட வழக்கம். நேரடியாக அவர் கைக்குப் போகாவிட்டாலும் அடுத்த வருடக் குத்தகையில் ஏறிவிடும். “பசளைக் காசு வருகிறதுதானே, ஏக்கருக்கு இன்னும் இரண்டு மூடை கூடத் தா” என்கிற பேச்சுத்தான் அது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகைச் செய்கையாளரைப் பதிவு செய்ய வழி வைத்திருக்கிறது. எழுத்தில் உடன்படிக்கை இல்லாமல் அந்தப் பாதுகாப்பைக் கேட்டு நிற்பது கடினம். காணிக்காரர் சொந்தக்காரர் என்றால் எழுத்தில் கேட்பது இன்னும் கடினம். மானியக் காசு யாருக்கு என்று ஒரு வரியையாவது உடன்படிக்கையில் எழுதி வையுங்கள்.

உத்தரவாத விலை 120 என்று அறிவித்த பிறகும் வாங்குபவர் ஏன் குறைவாகக் கேட்கிறார்?

2025 பெப்ரவரி 5 ஆம் திகதி நாட்டரிசி நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபா என்று உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டது. அது நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கும் விலை. தனியார் அதற்குக் குறைவாக வாங்கக் கூடாது என்று அந்த அறிவிப்பு கட்டாயப்படுத்தாது. சபை தன் கதவைத் திறந்து, காசை வைத்துக்கொண்டு, வருகிற நெல்லையெல்லாம் வாங்கினால்தான் 120 சந்தையின் அடித்தளமாகும். 1971 இல் சபை அமைந்தது முதல் பெரும்பாலான போகங்களில் அது வாங்கியது மொத்த விளைச்சலில் சிறிய பங்கே.

கிழக்குக்கு இன்னொரு தொல்லை உண்டு. அம்பாறை, மட்டக்களப்பு வயல்கள் தை நடுவிலேயே விழத் தொடங்கும், பின்னால் நாங்கள், அதற்கும் பிறகு பொலனறுவை, அநுராதபுரம். விலை பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டால் முந்தி வெட்டியவர் விலை தெரியாமலே விற்றிருப்பார். களஞ்சியங்களைத் துப்புரவாக்கி, சாக்குக் கொண்டுவந்து, பணம் ஒதுக்கி முடிக்கையில் எங்கள் வயல்களும் பாதி வெட்டியாகிவிடும். தாமதமாக வருகிற 120 பொலனறுவைக்காரருக்கு உதவும், ஈச்சிலம்பற்றுக்காரருக்கு அவ்வளவாக உதவாது.

அரசு வாங்காவிட்டால் யார் வாங்குவது? உலர்த்தியும் களஞ்சியமும் வங்கிக் கடனும் உள்ள ஆலைகள். அவற்றுக்குச் சலுகை வட்டியில் கடன் கிடைக்கும்போது அதுவும் ‘கமக்காரருக்கான’ திட்டம் என்றே அறிவிக்கப்படும். கடனை எடுத்தவருக்கு விலை விழும்வரை காத்திருக்கத் தெம்பு வருகிறது என்பதே நடைமுறை.

வயல் கரையில் ஈர நெல்லுக்கு 100 தருகிறார்கள். 120 இலிருந்து 20 ரூபா ஏமாற்றுகிறார்களா?

முழு 20 அல்ல. சபையின் விலை 14 சதவீத ஈரப்பதத்துக்கு உரியது. மெசின் வெட்டிய நெல் பெரும்பாலும் 20 முதல் 24 வரை நிற்கும். 22 சதவீதத்தில் இருக்கும் 100 கிலோ நெல்லில் உலர் பொருள் 78 கிலோ. அதை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 78-ஐ 0.86-ஆல் வகுக்க வேண்டும், 90.7 கிலோ மிஞ்சும். அதற்கு 120 வீதம் 10,884 ரூபா. ஆகவே ஈர நெல்லின் நியாய விலை கிலோ 108.80. இதே கணக்கில் 20 சதவீதத்துக்கு 111.60, 24 சதவீதத்துக்கு 106.

ஆக வித்தியாசம் 9 ரூபா அளவில். அதிலிருந்து காயப்போடும் கூலி, படங்கு, சாக்கு, களஞ்சியம் வரை லொறிக் கூலி, இரண்டு நாள் மழை பெய்தால் வரும் முளைப்புச் சேதம் ஆகியவற்றைக் கழியுங்கள். மீதம் இருந்தால் காயப்போடுங்கள். இல்லையென்றால் 100 நல்ல விலைதான்.

எங்கே உண்மையில் இழக்கிறீர்கள் என்றால் தராசிலும் ‘கழிவிலும்’. மூடைக்கு இரண்டு, மூன்று கிலோ சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எடுப்பார்கள். ஈரத்துக்கென்று விலையையும் குறைத்து, ஈரத்துக்கென்று கழிவும் எடுத்தால் ஒரே ஈரத்துக்கு இரண்டு தடவை கட்டுகிறீர்கள். 66 கிலோ மூடையில் மூன்று கிலோ என்பது நாலரை சதவீதம். கமக்காரர் அமைப்பு சேர்ந்து ஓர் ஈரமானியும் ஒரு முத்திரையிட்ட தராசும் வாங்கி வைத்தால், இந்தப் பேச்சு பாதி அடங்கும்.

அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டதும் நாட்டரிசி ஏன் கடையில் காணாமல் போனது?

2024 இறுதியில் நடந்தது இது. டிசம்பர் வர்த்தமானியில் உள்ளூர் நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை கிலோ 230, சம்பா 240, வெள்ளைப் பச்சையரிசி 220. ஒரு கிலோ நெல்லிலிருந்து அவித்த அரிசி 650 கிராம் அளவில் வரும். நெல் 120 என்றால் அரிசியில் நெல்லின் செலவு மட்டும் 185 ரூபா. மிச்சம் 45 ரூபாவுக்குள் அவித்தல், குற்றல், மின்சாரம், போக்குவரத்து, மொத்த வியாபாரி, கடைக்காரர் எல்லாரும் அடங்க வேண்டும். தவிடும் குறுணலும் விற்பதால் ஆலைக்குச் சிறிது ஆறுதல். ஆனால் பழைய போக நெல் முடிந்து, கையிருப்பு சிலரிடம் மட்டும் இருந்த டிசம்பரில் நெல்லின் விலை 120-இல் நிற்கவில்லை. 230-க்கு விற்றால் நட்டம் என்று சிறிய ஆலை நிறுத்தும். பெரிய ஆலை சம்பாவுக்கு மாறும், அல்லது நெல்லை வைத்திருக்கும். விலையை மட்டும் கட்டிவைத்து அளவை விட்டுவிட்டால் கட்டிவைத்த பொருள்தான் முதலில் மறையும்.

கிலோவுக்கு 65 ரூபா வரியால் யாருக்கு லாபம்?

அந்த டிசம்பரில் தனியாருக்கு அரிசி இறக்க அனுமதி கொடுத்து, பிறகு 2025 ஜனவரி 10 வரை நீடித்தார்கள். கிலோவுக்கு 65 ரூபா விசேட வியாபாரப் பண்ட அறவீடு தொடர்ந்தது. ஒன்றரை இலட்சம் தொன்னுக்கு மேல் வந்து இறங்கியது.

கணக்குக்காக, அரிசி கொழும்புத் துறைமுகத்தில் தொன் 450 டொலர், டொலர் 300 ரூபா என்று வையுங்கள். கிலோ 135 ரூபா. வரியோடு 200, துறைமுகச் செலவோடு 205. வரி இல்லாவிட்டால் 140. இறக்குமதி அரிசி எந்த விலைக்கு வந்து நிற்கிறதோ அதுவே உள்ளூர் அரிசியின் மேல்முகடு. அதை 0.65-ஆல் பெருக்கினால் நெல்லுக்கு ஆலை கொடுக்கக்கூடிய உச்சம் தெரியும் (குற்றும் செலவு போக). வரியோடு 133, வரி இல்லாமல் 91. அதாவது 65 ரூபா அரிசி வரி நெல்லில் 42 ரூபாத் தாங்கல். பசளை மானியம் கிலோவுக்கு ஐந்தரை ரூபா என்று மேலே பார்த்தோம். எது பெரிய மானியம் என்று நீங்களே பாருங்கள்.

அதைக் கட்டுபவர் யார்? ஒருவர் வருடத்துக்கு 105 கிலோ அளவில் அரிசி உண்கிறார். நால்வர் குடும்பத்துக்கு 420 கிலோ. வரி முழுவதும் விலையில் ஏறும் வருடத்தில் அந்தக் குடும்பம் 27,300 ரூபா கொடுக்கிறது. கிண்ணியாவில் மீன்பிடிக்கிற வீடும் கட்டும், நகரத்தில் கூலி வேலை செய்கிற வீடும் கட்டும். அரை ஏக்கர் செய்து ஆறு மாதத்துக்கு அரிசி வாங்கித் தின்கிற கமக்காரரும் கட்டுவார். சொந்த விளைச்சல் சாப்பாட்டுக்கே போதாதவருக்கு அரிசி வரி நட்டம்தான், அவர் பெயரைச் சொல்லித்தான் வரி போடப்படுகிறது.

இருந்தாலும் வரியை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டோம். எடுத்தால் பெரும்போக அறுவடை 91 ரூபா முகட்டோடு மோதும். எங்கள் குறை வரியின் அளவில் அல்ல, அது ஏறி இறங்கும் திகதியில். அறுவடைக்கு ஐந்தாறு வாரம் முன்னால் இறக்குமதிக் கப்பல் வந்தால் அந்த அரிசி அறுவடைக் காலத்தில்தான் கடைக்கு வரும். புரட்டாதி, ஐப்பசியில் கையிருப்பைக் கணக்கெடுத்து அப்போதே அனுமதி கொடுத்திருந்தால் நுகர்வோருக்கும் உதவும், தையில் வெட்டுபவரையும் அடிக்காது.

இந்திய அரிசி எப்படி இவ்வளவு மலிவு? அவர்களும் மானியம் கொடுப்பதாலா?

பெரும்பங்கு ஆம். 2024–25 இல் அங்கே சாதாரண நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 இந்திய ரூபா, கிலோ 23. எங்கள் காசில் ஏறக்குறைய 80. இங்கே 2025 பெப்ரவரியில் 120. அவர்களுடைய ஆதரவு விலைகூட எங்களதில் மூன்றில் இரண்டுதான். அதற்குக் கீழே நிற்பவை 45 கிலோ யூரியா மூடையை 270 இந்திய ரூபாவுக்கும் குறைவாகக் கொடுக்கிற பசளை மானியம், பஞ்சாப் போன்ற இடங்களில் கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம், வருடத்துக்கு 6,000 இந்திய ரூபா நேரடிக் கொடுப்பனவு. செலவு குறைந்தால் விளைச்சல் கூடும். உபரி கப்பல் ஏறும். உலக அரிசி வியாபாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவினுடையது.

இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. சொந்த நாட்டில் விலை ஏறினால் அவர்கள் கதவைச் சாத்துவார்கள். 2022 செப்டெம்பரில் குறுணலரிசி, 2023 ஜூலை 20 இல் பாஸ்மதி அல்லாத வெள்ளையரிசி, அதே வருட டிசம்பரில் வெங்காயம். வெள்ளையரிசித் தடை 2024 செப்டெம்பர் இறுதியில்தான் விலகியது. அயல்வீட்டு மானியத்தை நம்பி எங்கள் வயலைக் கைவிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு வாதம் தேவையில்லை.

350 ரூபாவுக்குப் பசளை மூடை கொடுத்த காலமே நல்லது இல்லையா?

கமக்காரருக்கு இலகுவாக இருந்தது, உண்மை. இலங்கையில் பசளை மானியம் 1962 இல் தொடங்கியது. 2005-க்குப் பிறகு 50 கிலோ மூடை 350 ரூபாவானது. உலக விலை எவ்வளவு ஏறினாலும் 350 தான். அதனால் மூன்று கோளாறுகள் வந்தன. நெல்லுக்குக் கொடுத்த மூடை வெங்காயத் தோட்டத்துக்கும் மரக்கறிக்கும் போனது. யூரியா கண்ணுக்குப் பச்சை காட்டும் என்பதால் அளவுக்கு மிஞ்சி எறிந்தார்கள், பயிர் மடிந்து சாய்ந்தது, பயிரின் சாற்றை உறிஞ்சும் கபிலத் தத்திப் பூச்சி கூடியது. திறைசேரிக்கு உலகச் சந்தையில் யூரியா ஏறும்போதெல்லாம் நெஞ்சிடி. அதனால்தான் 2016 இல் மூடையை விட்டுக் காசு கொடுக்கப் போனார்கள். காசு பசளைக்குப் போகவில்லை என்று 2018 இல் திரும்பவும் மூடைக்கு வந்தார்கள், 500 ரூபாவுக்கு. 2020 இல் நெல்லுக்கு இலவசம்.

பிறகு 2021 மே 6 வர்த்தமானி. இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் நின்றது. நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது, டொலர் இல்லை, உலக யூரியா விலை ஏறிக்கொண்டிருந்தது. 2021 இல் 51 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல் 2022 இல் 34 இலட்சம் தொன்னளவுக்கு இறங்கியது. அந்த வருடம் ஏழு இலட்சம் தொன்னுக்கு மேல் அரிசி இறக்கினோம். பசளைக்கு டொலர் மிச்சம் பிடிக்கப் போய் அரிசிக்கு டொலர் கொட்டினோம்.

அரசே எல்லா நெல்லையும் நல்ல விலைக்கு வாங்கினால் என்ன?

தாய்லாந்து செய்து பார்த்தது. 2011 இல் தொன் நெல்லுக்கு 15,000 பாத், சந்தை விலையைவிடப் பாதியளவு கூட. உலகின் முதல் ஏற்றுமதியாளர் நாங்கள், நாங்கள் பிடித்து வைத்தால் உலக விலை ஏறும் என்று எண்ணினார்கள். அதே வருடம் செப்டெம்பரில் இந்தியா ஏற்றுமதியைத் திறந்துவிட்டது, வியட்நாமும் விற்றது. 2012 இல் தாய்லாந்து முதலிடத்தை இழந்தது. வாங்கிய அரிசி களஞ்சியங்களில் பழுதானது, கமக்காரருக்குக் காசு கொடுக்கப் பணம் முடிந்தது.

வாங்குவது இலகு. வைத்திருந்து, பழுதாகுமுன் விற்பதுதான் வேலை. 14 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு அடுக்கிய நெல் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், அரிசி மஞ்சளாகும்.

உலக வர்த்தக அமைப்பு இதையெல்லாம் அனுமதிக்கிறதா? (மாணவர்கள் கேட்பது)

1995 விவசாய உடன்படிக்கை மானியங்களைப் பெட்டிகளாகப் பிரிக்கிறது. நிறங்களை வீதிச் சமிக்ஞை விளக்கோடு சேர்த்து ஞாபகம் வையுங்கள். ஆராய்ச்சி, விரிவாக்கம், உற்பத்தியோடு பிணைக்காத வருமான உதவி ஆகியவை பச்சை, வரம்பில்லை. விலையையும் உற்பத்தியையும் தள்ளுபவை செம்மஞ்சள், வரம்புண்டு. உற்பத்திக்கு எல்லை கட்டிக் கொடுப்பவை நீலம் (இது மட்டும் விளக்கில் இல்லாத நிறம்). செம்மஞ்சளில் வளர்முக நாடுகளுக்கு உற்பத்திப் பெறுமதியில் 10 சதவீதம் வரை விலக்கு, செல்வந்த நாடுகளுக்கு 5. வறிய கமக்காரருக்கான உள்ளீட்டு மானியத்துக்கு வளர்முக நாடுகளுக்குத் தனி விலக்கும் உண்டு. எங்கள் பசளைக் காசு அதற்குள் நிற்கும்.

இந்தியா அரிசியில் 10 சதவீதத்தைத் தாண்டியது. 2013 பாலி மாநாட்டுச் சமாதான வாசகம் (வரம்பைத் தாண்டினாலும் வழக்குத் தொடர மாட்டோம் என்ற உடன்பாடு) அதைக் காப்பாற்றுகிறது. ஏற்றுமதி மானியங்களை ஒழிப்பதென்று 2015 நைரோபியில் முடிவானது. அமெரிக்கப் பருத்தி மானியத்தை எதிர்த்துப் பிரேசில் வென்று 2014 இல் 30 கோடி டொலரோடு சமாதானமானது. அதே மானியத்தால் அடிபட்ட பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி கமக்காரருக்கு அந்தக் காசில் பங்கில்லை. வழக்காடுகிற பலம் உள்ளவருக்குத்தான் சட்டம் வேலை செய்கிறது.

வெங்காயம், சோளம் செய்பவருக்கும் இதே கதையா?

வெங்காயத்தில் ஆட்டம் இன்னும் வேகம், ஏனென்றால் வைத்திருக்க முடியாது. நிலாவெளி, குச்சவெளி மணலில் விளையும் சின்ன வெங்காயத்தின் விலையை இந்தியப் பெரிய வெங்காயம்தான் இழுக்கிறது. பெரிய வெங்காயம் மலிந்தால் வீடுகள் அதற்குத் தாவும். 2025 ஓகஸ்ட் இறுதியில் பெரிய வெங்காய இறக்குமதி அறவீடு கிலோவுக்கு 10 ரூபாவிலிருந்து 50 ஆனது. அதற்கு முன் வாரம் விற்றவரும் பின் வாரம் விற்றவரும் ஒரே உழைப்புக்கு வேறு வேறு விலை பெற்றார்கள்.

சோளத்துக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு போட்டால் செய்கையாளருக்கு விலை கிடைக்கும், கோழித்தீன் விலை ஏறும், முட்டை ஏறும். 2023 இல் முட்டையையே இந்தியாவிலிருந்து இறக்கினோம். ஒரு பயிரைக் காத்தால் அதைத் தின்கிற தொழில் அடிபடும் என்பதற்குக் கோழிக்கூடு நல்ல பாடம்.

சீனக்குடா மாவு ஆலைக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம்?

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. 1980 முதல் சீனக்குடாவில் அரைக்கப்படும் கோதுமை முழுவதும் கப்பலில் வருவது. பாணும் ரொட்டியும் மலிந்தால் இரவுச் சோறு குறையும். மாவு விலையை அரசு கீழே பிடித்தால் அது நெல்லுக்கு எதிரான மானியமாக வேலை செய்யும். அரிசியின் எதிரி வெளிநாட்டு அரிசி மட்டும் அல்ல.

மானியத்தை முழுவதும் நிறுத்தினால்?

நியூசிலாந்து 1984 இல் நிறுத்தியது. பெரும்பான்மைப் பண்ணைகள் தப்பின. ஆனால் அங்கே பண்ணைக்காரர் ஆட்டை விட்டு மாட்டுக்கு, மாட்டை விட்டுத் திராட்சைக்கு மாறச் சட்டம் தடுக்கவில்லை. இங்கே நெற்காணியில் வேறு பயிர் வைக்கக் கமநலத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கையைக் கட்டிவைத்துவிட்டு ஊன்றுகோலை எடுக்கக் கூடாது.

கீரிச் சம்பாவுக்கு 132 தானே? அதையே விதைத்தால் என்ன?

2025 பெப்ரவரி விலைகளான 120-க்கும் 132-க்கும் இடையில் பத்து சதவீதம். ஏக்கருக்கு 1,800 கிலோ நாட்டரிசி நெல் தருகிற வயலில் கீரிச் சம்பா 1,636 கிலோவுக்குக் கீழே போனால் கூடுதல் விலை வீண். விதை நெல்லில் கலப்பு இருந்தால் களஞ்சியத்தில் தரம் இறக்குவார்கள், 132 கிடைக்காது. அந்த வாய்க்காலின் கடைசி நீர்விடும் திகதி, போக ஆரம்பக் கூட்டத்தில் எந்த வயது நெல்லுக்கு முடிவானதோ அதற்குத்தான் பொருந்தும். வாங்குகிற ஆலை பக்கத்தில் இல்லாவிட்டால் பொலனறுவை வரை லொறிக் கூலியும் சேரும். முதல் போகத்தில் ஒரு வரவையில் மட்டும் போட்டு, மெசின் வெட்டிய அன்றே தனியாக நிறுத்துப் பாருங்கள்.